பாக்கி இருந்த இரண்டு குரல்

பொத்தானை விடு, பொத்தானை விடு என்று கத்திக் கத்தியே என் தொண்டை போனது. பரிசல்காரர்களுக்கு அந்த வயர்லெஸ் பெட்டியில் பேசத் தெரியும், பேச்சை நிறுத்தத் தெரியாது. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. இவ்வளவுதான் சங்கதி. என் வீட்டுக்காரர் சவரியப்பனுக்கு மட்டும் இது மண்டையில் ஏறவே இல்லை. பேசி முடித்த பிறகும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்ன இவள் பதிலே சொல்லமாட்டேன் என்கிறாள் என்று நடு ஏரியில் உட்கார்ந்து என்னைத் திட்டுவார். அவர் திட்டுவது எனக்கு நன்றாகக் கேட்கும். நான் திருப்பித் திட்டுவது அவருக்குக் கேட்காது. ஆம்பளைக்குக் குடித்தனம் நடத்த இதைவிட வசதியான சாமான் வேறென்ன வேண்டும்?

பேரிகை என்கிற ஊருக்கு மேற்கே, இது மதராஸ், அது மைசூர் என்று சர்க்கார் ஆட்கள் எல்லைக்கல்லைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மல்லகானூரில் ஆற்றை மறித்து மண்ணணை ஒன்று கட்டினார்கள். கரையில் எங்கள் குடிசைகள், கான்ட்ராக்டரின் கொட்டகை, மதகு. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் மதகின் ஷட்டரைத் தூக்கி விடவேண்டும். தூக்கினால் உள்ளே இருக்கிற தண்ணீர் அப்படியே மதகு வாயைப் பார்த்துப் பாயும். பரிசல், மரம், மாடு, மனுஷன் என்று பார்க்காது. அதனால் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் ஒருவன் பரிசலில் போய், வலை போடுகிறவர்களை விரட்டி, மிதந்து வருகிற கட்டைகளை ஒதுக்கிவிட்டுக் கரைக்கு வரவேண்டும். அவன் வந்துவிட்டானா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பெட்டி.

பெங்களூரில் பட்டாளத்துப் பழைய சாமான்களை விற்றபோது கான்ட்ராக்டர் மூன்று பெட்டிகள் வாங்கினார். ஒவ்வொன்றும் செங்கல்லைவிடப் பெரிது, அதற்கேற்ற கனம். மேலே இருக்கிற கம்பியை இழுத்தால் உயிர் வரும், உள்ளே தள்ளினால் அடங்கிவிடும். பேசக் கற்றுக்கொடுக்கப் பட்டாளத்தில் இருந்த கரியப்பன் என்று ஒருவர் வந்தார். கம்பியை இழுக்கும்போது பக்கத்தில் நிற்கிறவன் கண்ணைக் குத்திவிடாதே, ஈரக்கையால் தொடாதே, தண்ணீரில் போகும்போது ரப்பர் துணியில் சுற்றி வை, வெட்டிப் பேச்சுப் பேசிப் பேட்டரியைத் தீர்க்காதே என்றெல்லாம் சொன்னார். பிறகு கூப்பிடுகிற முறையைச் சொன்னார். யாரைக் கூப்பிடுகிறாயோ அவர் பேரை மூன்று தடவை சொல், உன் பேரைச் சொல், ஓவர் என்று சொல், பொத்தானை விடு.

மூன்று தடவை என்றதும் பரிசல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கும் அது தெரிந்திருக்கிறதே என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் மேல் இருக்கும்போது யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கமாட்டார்கள், திரும்பியும் பார்க்கமாட்டார்கள். தண்ணீரில் செத்ததுக்கும் பேர் தெரியும், குரல் தெரியும். ஆனால் அதற்கு மூன்று தடவை கூப்பிடச் சக்தி கிடையாது. மூன்றாவது குரல் வந்தால் கூப்பிடுவது மனுஷன், அதற்குப் பிறகு பதில் சொல்லலாம். கன்னடக்காரன், தெலுங்குக்காரன், தமிழன் எல்லாருக்கும் இது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் ஞாயிறு தவறாமல் மத்திகிரி மாதா கோயிலுக்குப் போய்ப் பூசையில் நன்மை வாங்குகிறவர். ஆற்றில் இறங்கிவிட்டால் அந்தோனியாரே வந்து ஒரு தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்.

முதலில் பெட்டி ஓவர்சியர் வெங்கடசாமி கையில்தான் இருந்தது. கெட்டவர் என்று சொல்லமாட்டேன், ஆனால் சிக்கனம் பிடித்த மனுஷன். பேட்டரி பெங்களூரிலிருந்து வரவேண்டும், கேட்டால் கான்ட்ராக்டர் முறைப்பார். அதனால் இவர், ஒரு தடவை கூப்பிட்டால் காது கேட்காதா என்று ஒரே தடவையாகக் கூப்பிட ஆரம்பித்தார். கரைக்குப் பக்கத்தில் இருக்கும்போது அது எப்படியோ ஓடிவிட்டது. ஆளையே பார்த்துக்கொண்டு பேசினால் பேயென்று யார் நினைக்கப்போகிறார்கள்?

முதல் வருஷ மழையில் திம்மராயன் உள்ளே போனான். கன்னடம் பேசுகிறவன், பார்க்கப் பையன் போலத்தான் இருப்பான், ஆனால் கல்யாணமானவன். பரிசல் விடுவதில் சூரன். என் வீட்டுக்காரரைக் கண்டால் "சவரண்ணா, சவரண்ணா" என்று வாலைப் பிடித்துக்கொண்டு சுற்றுவான். முழுப் பேரும் அவன் வாயில் நுழையாது. அந்தப் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவன் உலகத்தில் அவன் ஒருத்தன்தான். அன்றைக்குத் தண்ணீர் மேல் மூட்டம் இறங்கி ஆள் தெரியவில்லை. வெங்கடசாமி பெட்டியை எடுத்து, திம்மராயா, ஷட்டரைத் தூக்கப்போகிறோம், கரைக்கு வா என்று ஒரு தடவை சொன்னார். பதில் இல்லை. அக்கரையில் ஏறியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். தூக்கச் சொல்லிவிட்டார்.

பரிசலின் மூங்கில் வளையம் மட்டும் மதகுக்குக் கீழே வந்து விழுந்தது. திம்மராயனும் வரவில்லை, அவன் மடியில் இருந்த பெட்டியும் வரவில்லை. நாள்கணக்கில் தேடினார்கள். அவன் ஓடிப்போகவில்லை, தூங்கவில்லை, குடிக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிடட்டும் என்று பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வெங்கடசாமிக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள், குரலும் கணீரென்று இருக்கும் என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பரிசலுக்குப் போனார். புருஷன் பேரை நாலு பேர் கேட்கச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். இப்போது கரைமேல் நின்று, "சவரியப்பா, சவரியப்பா, சவரியப்பா, பவுலினா பேசறேன், ஓவர்" என்று ஊருக்குக் கேட்கச் சொன்னேன். மண் சுமக்கிற பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மாமியார் ஒரு வாரம் என் கையால் சோறு வாங்கவில்லை. போகட்டும் என்று விட்டேன். பேட்டரி தீர்ந்தாலும், மானம் போனாலும், மூன்று தடவைக்கு ஒன்று குறைய நான் கூப்பிட்டதில்லை.

இனிமேல் சொல்வதை நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

பெட்டிக்கு உயிர் வந்ததும் வாணலியில் எண்ணெய் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல் கேட்கும். அந்தப் பக்கத்தில் ஒருவன் பொத்தானை அழுத்திவிட்டால், அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, அந்த இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். அந்த அமைதி வந்தால் ஆள் இருக்கிறான், பேசப்போகிறான் என்று அர்த்தம். ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தார். அவர் பெட்டி கம்பி உள்ளே தள்ளி மூலையில் கிடந்தது. என் பெட்டியில் இரைச்சல் அடங்கியது.

யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். நான் வழக்கம்போல, யாரது, பொத்தானை விடு என்று அதட்டிவிட்டேன். அதட்டிய பிறகுதான், இருக்கிற இரண்டு பெட்டியும் இங்கேயே இருக்கிறதே என்று புத்திக்கு எட்டியது. என் வீட்டுக்காரர் களியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் மறுபடியும் வந்தது. அதற்கப்புறம் அது அடிக்கடி நடந்தது, பட்டப்பகலிலேயே நடந்தது. பழைய பெட்டி, உள்ளே ஏதாவது லூசாக இருக்கும் என்று வெங்கடசாமி சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திம்மராயன் பெண்டாட்டி மாதம்மாள் கரையில் மண் சுமந்தாள். பிணம் கிடைக்காததால் அவள் தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. ஊர் அதற்கு ஒரு பேச்சுப் பேசியது. அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். சோற்று நேரத்தில் நான் பெட்டியோடு உட்காருகிற கொட்டகை வாசலில் வந்து நின்று, அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அது அடங்குகிற நேரத்தில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். எனக்கு அதைப் பார்க்க முடியாது. அடுப்பு வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன்.

மறு வருஷம் கார்த்திகையில் அந்த நாள் வந்தது. மைசூர்ப் பக்கத்தில் ராத்திரியெல்லாம் மழை. விடிந்து பார்த்தால் தண்ணீர் கரையின் கழுத்து வரைக்கும் வந்து, ஓரிடத்தில் மண் சரிய ஆரம்பித்திருந்தது. ஷட்டரைத் தூக்காவிட்டால் கரை போய்விடும், கரை போனால் கீழே இருக்கிற ஊர்கள் போய்விடும். என் வீட்டுக்காரர் முன்னாலேயே பரிசலை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தார். பெரிய புளியமரம் ஒன்று மதகைப் பார்த்து மிதந்து வருகிறது என்று போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் மூட்டம் இறங்கியது. எதிரில் நீட்டிய கை தெரியவில்லை.

என் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. புதுசு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வெங்கடசாமி ஓடிவந்து, கூப்பிடும்மா, சீக்கிரம் கூப்பிடு என்றார். கம்பியை இழுத்தேன். இரைச்சல் ஈனமாகக் கேட்டது. பொத்தானை அழுத்தி, சவரியப்பா என்றேன். மறுபடியும் சவரியப்பா என்றேன். மூன்றாவது தடவைக்கு வாயைத் திறக்கும்போதே கையில் இருந்த பெட்டி அடங்கிப்போனது. பொத்தானை விட்டுப் பார்த்தேன், இரைச்சல் இல்லை. கம்பியைத் தள்ளி இழுத்தேன், தட்டினேன், குலுக்கினேன். வெறும் இரும்பு.

இரண்டு தடவைதான் போயிருந்தது. அந்த ஆளை எனக்குத் தெரியும். மூன்றாவது குரல் வராமல் துடுப்பைத் தொடமாட்டார். அந்தப் பிடிவாதத்தோடுதான் நான் அதுவரை ஏழு வருஷம் குடித்தனம் பண்ணியிருந்தேன்.

தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணீர் போட்ட சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வேலை மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை அடித்தார்கள், அதுவும் கேட்டிருக்காது. கரையில் இன்னொரு பாளம் மண் சரிந்து விழுந்தது. ஷட்டர் சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு நான்கு ஆட்கள் வெங்கடசாமியைப் பார்த்தார்கள். நான் போய்ச் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"திம்மராயனுக்குப் பண்ண மாதிரி இவருக்கும் பண்ணப் பாக்கிறியா? தூக்கறதுன்னா என் கையை ஒடிச்சிட்டுத் தூக்கு."

பொம்பளை மேல் கை வைக்க ஆட்கள் தயங்கினார்கள். வெங்கடசாமி என்னைத் திட்டவில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கீழே நாலு ஊரு இருக்குதும்மா. பச்சைப் புள்ளைங்க இருக்குது. நான் என்னாம்மா பண்ணட்டும்?"

சொல்லிவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். தூக்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அந்த ஊர்களெல்லாம் பெரிதாகப் படவில்லை. பாவம்தான், ஆனால் நிஜம் அதுதான். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. கொட்டகை ஓரத்தில் மாதம்மாள் கூடையோடு நின்று மூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது துடுப்புச் சத்தம் கேட்டது. மூட்டத்துக்குள்ளிருந்து பரிசல் வந்தது, உள்ளே என் வீட்டுக்காரர் வேகமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கரையில் கால் வைத்த உடனே இரண்டு பேர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். நான் சக்கரத்தை விட்டேன். ஷட்டர் ஏறியது. அவர் இருந்த இடத்துத் தண்ணீர் சுழன்றுகொண்டு மதகு வாய்க்குள் போனது. கரை நின்றது.

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அடிக்கவும் செய்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னாத்துக்கு அழுவுறே? நீ கூப்பிட்டே, நான் வந்தேன்."

இரண்டு தடவைதானே கூப்பிட்டேன், எப்படி வந்தீர் என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை கூப்பிட்டு நிறுத்திட்டே. சரி, இது அதுதான்னு நெனைச்சு நான் அசையாம குந்திக்கினு இருந்தேன். அப்புறம் கரகரன்னு மூணாவது கூப்பிட்டியே. அப்பத்தான் துடுப்பை எடுத்தேன்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார். "அது சரி, மூணாவது தடவை மட்டும் ஏன் சவரண்ணான்னு கூப்பிட்டே?"

என் கையில் இருந்த செத்த பெட்டியைக் காட்டினேன். அவர் அதையும் என்னையும் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். பின்னால் மாதம்மாள் கூடையைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

அன்றைக்கு முழுக்க நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். செத்ததுக்கு மூன்று தடவை கூப்பிடச் சக்தி இல்லை என்பது உண்மைதான். அவனால் முடிந்தது ஒன்று. நான் கூப்பிட்ட இரண்டோடு அவன் தன் ஒன்றைச் சேர்த்துவிட்டான். அவனுக்கு அப்படிச் சேர்த்துக் கூப்பிட ஒருத்தரும் இல்லாமல் போனோமே என்று எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே பெங்களூரிலிருந்து பேட்டரி வந்து இறங்கியது. வெங்கடசாமி தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். போட்டுக் கம்பியை இழுத்தேன், இரைச்சல் நன்றாகக் கேட்டது. சாயங்காலம் வேலை விட்டதும் மாதம்மாள் வந்தாள். எப்போதும் வாசலில் நிற்கிறவள், அன்றைக்கு உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க வூட்டுக்காரருக்கு இன்னும் ரெண்டு குரல் பாக்கி இருக்குது. அதை நான் கூப்பிட்டுடட்டுமா?"

நான் பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இதுதான் பொத்தான், அழுத்திக்கொண்டு பேசு, பேசி முடித்ததும் விட்டுவிடு, விட்டால்தான் அந்தப் பக்கம் பேசுவது நமக்குக் கேட்கும் என்று எல்லாருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"பொத்தானை விட்டப்புறம் பதில் வரலைன்னா?"

இதற்கு நான் என்ன சொல்ல? மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசாக இருந்தது.

மாதம்மாள் பெட்டியை வாயருகே கொண்டுபோனாள். கட்டின நாளிலிருந்து அவள் புருஷன் பேரைச் சொன்னதில்லை. உதடு இரண்டு மூன்று தடவை அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு பொத்தானை அழுத்தினாள்.

"திம்மராயா," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும், "திம்மராயா," என்றாள்.

அவ்வளவுதான். கணக்கு முடிந்தது. இனி பொத்தானை விடவேண்டும்.

அவள் விடவில்லை. அழுத்தின விரல் வெளுத்துப்போனது. கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியைக் கன்னத்தோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விட்டால் ஒன்று அவன் குரல் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் வெறும் இரைச்சல் கேட்கவேண்டும். விடாத வரைக்கும் இரண்டும் இல்லை.

பொத்தானை விடு என்று என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஊரையே அதட்டின வாய் இது. ஆனால் அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வெங்கடசாமி கொட்டகை வாசலில் வந்து நின்று பார்த்தார். புதுப் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.